பிள்ளைகளுக்கு வரும் பாலுண்ணி: ஏன் இத்தனை மாதம் எடுக்கிறது?

வன்னியில் வெளிநோயாளர் பிரிவுக்கோ சிறுவர் கிளினிக்குக்கோ வரும் தாய்மார், வேறொரு காரணத்துக்காக வந்த இடத்தில், எழும்பிப் போகும் நேரத்தில் பிள்ளையின் சட்டையை உயர்த்திக் காட்டிக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. அக்குளிலோ விலாவிலோ முழங்காலின் பின்மடிப்பிலோ தோல் நிறத்தில் சின்னஞ்சிறு பருக்கள் வந்திருக்கும். காய்ச்சல் இல்லை, நோவும் இல்லை. பிள்ளை வழமைபோலச் சாப்பிட்டு ஓடி விளையாடுகிறது. ஆனால் முதலில் இரண்டாக இருந்தவை சில வாரங்களில் பத்துப் பதினைந்தாகிவிட்டன. இப்போது தம்பியின் கழுத்திலும் ஒன்று தெரிகிறது. மருத்துவர்கள் இதை மொலஸ்கம் கொன்டாஜியோசம் என்று எழுதுவார்கள். ஊரில் பாலுண்ணி என்பார்கள். வேறு மருக்களையும் அதே பெயரால் அழைப்பதுண்டு என்பதால், இக்கட்டுரையில் பாலுண்ணி என்று வரும் இடமெல்லாம் இந்த வைரஸ் தொற்றையே குறிக்கும்.

இந்தத் தொற்றைப் பற்றி விளக்கமாக எழுத வேண்டியதற்குக் காரணம் அதன் ஆபத்து அன்று. நலமாக வளரும் பிள்ளைக்கு இது ஆபத்தில்லாத தொற்று. ஆனால் அது எவ்வளவு காலம் நீடிக்கும் என்பதைக் கூட்டம் நிறைந்த கிளினிக்கில் பெற்றோருக்கு எடுத்துச் சொல்ல நேரம் கிடைப்பதில்லை. ஒரு கிழமையில் மாறும் என்று நினைத்த தாய்க்கு மூன்றாம் மாதத்தில் பயம் பிடிக்கிறது. அந்தப் பயத்தில் செய்யப்படும் சுடுதல், கீறுதல், நசுக்குதல், கண்ட களிம்பையும் பூசுதல் ஆகியவற்றால் வரும் புண்ணும் தழும்பும், வைரஸ் தானாகப் பெரும்பாலும் செய்யாத கேடுகளாக இருக்கின்றன.

பாலுண்ணியை உண்டாக்கும் வைரஸ், பெரியம்மை வைரஸ் சேர்ந்த பொக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. பெரியம்மை இயற்கையாகத் தொற்றிய கடைசி நோயாளி 1977 இல் சோமாலியாவில் கண்டறியப்பட்டார்; 1980 இல் உலக சுகாதார நிறுவனம் அந்நோய் ஒழிந்துவிட்டதாக அறிவித்தது. அதன்பின், மனிதரை மட்டுமே தன் இருப்பிடமாகக் கொண்ட பொக்ஸ் வைரஸ் என்று எஞ்சியிருப்பது பாலுண்ணி வைரஸ் ஒன்றுதான். உறவு நெருக்கமாகத் தோன்றினாலும் குணம் முற்றிலும் வேறானது. பெரியம்மை உடலெங்கும் பரவி உயிரைக் கொண்டுபோனது. பாலுண்ணி வைரஸோ தோலின் மேற்படையைத் தாண்டி உள்ளே போவதில்லை. அது இரத்தத்தில் கலப்பதில்லை, ஈரலையோ மூளையையோ தொடுவதில்லை. கொப்பளிப்பானுடனும் இதற்குத் தொடர்பு இல்லை. கொப்பளிப்பானை உண்டாக்குவது ஹெர்பிஸ் குடும்பத்து வைரஸ். அது நோய் மாறிய பின்னும் நரம்புகளில் ஒளிந்திருந்து முதுமையில் அக்கியாக வெளிப்படக்கூடும். பாலுண்ணி வைரஸுக்கு அப்படி ஒளிந்திருக்கும் பழக்கம் இல்லை. கடைசிப் பரு மறைந்தால் தொற்று முடிந்தது. ஆகவே அம்மாள் வந்துவிட்டது என்று வேப்பிலை கட்டி, பிள்ளையைத் தனி அறையில் வைத்து, கறி புளி விலக்க வேண்டிய நோய் இது அல்ல.

1817 ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்து மருத்துவர் தோமஸ் பேற்மன் இதை எழுதிவைத்தார். 1841 இல் ஹென்டர்சன், பற்றர்சன் ஆகிய இருவரும் தனித்தனியாக, பருவின் உயிரணுக்களுக்குள் காணப்படும் பெரிய உருண்டைகளை விவரித்தார்கள்; வைரஸ் துகள்கள் திரண்டு அடைந்திருக்கும் அந்த உருண்டைகள் இன்றும் அவர்கள் பெயராலேயே அழைக்கப்படுகின்றன. நோய்க்கிருமி, பக்டீரியாவைத் தடுத்துவிடும் நுண்ணிய வடிகட்டியையும் கடந்து போகக்கூடியது என்பது 1905 இல் காட்டப்பட்டது. அவ்வளவு பழைய அறிமுகம் இருந்தும், இந்த வைரஸை ஆய்வுகூடத்தில் மற்ற வைரஸ்களைப் போல எளிதாக வளர்க்க முடிவதில்லை. ஆய்வுக்குத் தொற்றவைக்க ஏற்ற விலங்கும் இல்லை. இதற்கான மருந்துகள் மெதுவாகவே வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஒரு சிறிய பரு ஏன் ஓர் ஆண்டு தங்குகிறது என்ற கேள்விக்கான விடையும் வைரஸின் இந்த வாழ்க்கை முறையில்தான் இருக்கிறது. தோலின் மேற்படையில் இரத்தக் குழாய்கள் இல்லை. அங்கே மட்டும் பெருகும் கிருமியை உடலின் நோயெதிர்ப்புத் தொகுதி சுலபமாகக் காண்பதில்லை. அதற்கு மேலாக, தொற்றிய உயிரணு தன்னைத்தானே அழித்துக்கொள்வதைத் தடுக்கும் புரதங்களையும், இன்டர்லூகின் 18 என்ற எச்சரிக்கைப் புரதத்தைப் பிடித்து அடக்கிவைக்கும் புரதம் ஒன்றையும் இந்த வைரஸ் தானே தயாரிக்கிறது. அதனால்தான் பருவைச் சுற்றிச் சிவப்பு இல்லை, வீக்கம் இல்லை, நோவும் இல்லை. பார்ப்பதற்கு அது அமைதியாக இருப்பது, உடல் இன்னும் அதைக் கண்டுகொள்ளவில்லை என்பதன் அடையாளம்.

பருவைத் தனித்துக் காட்டும் அடையாளம் அதன் நடுக்குழி. பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து மில்லிமீற்றர் வரை அகலமுள்ள, வழவழப்பான, சிறு முத்துப் போன்ற பளபளப்புடைய மேடு. அதன் உச்சியில் ஒரு சின்னப் பள்ளம். வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தால் அந்தப் பள்ளம் நன்றாகத் தெரியும். உள்ளே மெழுகுத் தன்மையான வெண்ணிறக் கரு இருக்கும். வைரஸ் செறிந்திருப்பது அதில்தான். நலமான பிள்ளையில் பத்து இருபது பருக்கள் வருவது வழமை. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அரிதாகவே காணப்படும். கிருமி தொற்றியதிலிருந்து பரு தெரியும்வரை இரண்டு முதல் ஏழு வாரங்கள் செல்லலாம், சிலரில் ஆறு மாதங்கள்கூட ஆகலாம். ஆகவே எந்தப் பிள்ளையிடமிருந்து யாருக்கு வந்தது என்று அயலுக்குள் விசாரணை நடத்துவதில் பயனில்லை.

பரவுவது தோலோடு தோல் உரசுவதாலும், ஒருவர் துடைத்த துவாயால் இன்னொருவர் துடைப்பதாலும், உடுப்பை மாற்றி மாற்றிப் போடுவதாலும். பிள்ளை பருவைச் சொறிந்து அதே நகத்தால் வேறிடத்தைச் சொறியும்போது தன் உடலிலேயே அது புதிய இடங்களுக்குப் போகிறது. கோடு இழுத்தாற்போல வரிசையாகப் பருக்கள் தோன்றுவது அதனால்தான். வன்னி வீடுகளில் நான்கு பிள்ளைகளைக் கிணற்றடியில் வரிசையாக நிறுத்தி வார்த்து, கொடியில் கிடக்கும் ஒரே துவாயால் எல்லோரையும் துடைத்துவிடுவதும், இரவில் ஒரே பாயில் படுக்கவைப்பதும் சாதாரணம். அதில் குற்றம் எதுவும் இல்லை. போர்க்காலத்தில் முகாம்களில் வாழ்ந்த குடும்பங்களுக்கு ஆளுக்கொரு துவாய் என்பதே எட்டாத காரியமாக இருந்தது. ஆனாலும் பாலுண்ணி வந்த வீட்டில் ஒன்றே ஒன்றை மாற்ற முடியுமென்றால், மாற்ற வேண்டியது அந்தத் துவாயைத்தான்: பருக்கள் உள்ள பிள்ளைக்கு வேறு நிறத்தில் தனித் துவாய் ஒன்று, கழுவி வெயிலில் காயவிட்டது.

குளத்தில் குளித்ததால் வந்தது என்று பலர் நம்புகிறார்கள். முத்தையன்கட்டுக் குளமோ வவுனிக்குளமோ வீட்டுப் பக்கத்து வாய்க்காலோ, அத்தனை தண்ணீரில் கரைந்து போகும் கிருமியைவிட, கரையில் ஒருவரோடு ஒருவர் மல்லுக்கட்டி விளையாடுவதும் துவாயைப் பகிர்வதுமே தொற்றுக்கு முக்கிய வழிகள். நகரங்களில் நீச்சல் தடாகங்களோடு இந்தத் தொற்றைத் தொடர்புபடுத்திய ஆய்வுகள் உண்டு. அங்கும் பொதுத் துவாயும் மிதவைப் பலகைகளும் சந்தேகத்துக்குரியவையாக இருக்கின்றன. பிள்ளையைக் குளிக்கவிடாமல் வைப்பது தேவையற்ற தண்டனை.

தோலின் வறட்சி இதைவிடக் கவனிக்க வேண்டியது. வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை மழையில்லாமல், புழுதிக் காற்று அடிக்கும் மாதங்களில் பிள்ளைகளின் தோல் வறண்டு வெடிக்கிறது. கரப்பன் உள்ள பிள்ளைகளுக்கு அந்த நாட்களில் சொறிச்சல் கூடும். கரப்பனால் சிதைந்த தோலில் வைரஸ் புகுவது எளிது. சொறியச் சொறியப் பருக்கள் பெருகும். பருக்களைச் சுற்றிப் புதிதாகக் கரப்பன் வருவதும் உண்டு. ஆகவே இப்படிப்பட்ட பிள்ளைகளில் முதலில் பார்க்க வேண்டியது கரப்பனை: காரமான சவர்க்காரத்தைக் குறைத்து, குளித்தவுடன் ஈரம் காயுமுன் தோலை மென்மையாக்கும் களிம்பு பூசி, நகத்தைக் குட்டையாக வெட்டிவிட்டால், பருக்கள் பரவும் வேகமும் குறைய இடமுண்டு.

காலக்கணக்கைப் பற்றி நம்பத்தக்க தரவு ஐக்கிய இராச்சியத்திலிருந்து கிடைக்கிறது. 2015 இல் வெளியான ஆய்வு ஒன்று, நான்கு முதல் பதினைந்து வயதுவரையான 306 பிள்ளைகளைப் பின்தொடர்ந்தது. பருக்கள் முழுவதும் மறையச் சராசரியாக 13.3 மாதங்கள் எடுத்தன. 18 மாதங்கள் கடந்தும் 30 வீதமானவர்களுக்குப் பருக்கள் இருந்தன. இரண்டு ஆண்டுகளின் பின்னும் 13 வீதமானவர்களுக்கு இருந்தன. 41 வீதமான வீடுகளில் வேறு பிள்ளைகளுக்கும் தொற்றியது. பெரும்பாலான பிள்ளைகளின் அன்றாட வாழ்வை இது சிறிதளவே பாதித்தது. ஆனால் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குப் பாதிப்பு மிகக் கடுமையாக இருந்தது. இந்தக் கடைசித் தரவை நான் முக்கியமாகக் கருதுகிறேன். தானாக மாறும் என்று சொல்லி எல்லாப் பிள்ளைகளையும் ஒரே மாதிரி அனுப்பிவிட முடியாது. முகத்தில் பருக்களோடு வகுப்பில் கேலிக்கு ஆளாகும் பிள்ளைக்கு ஓராண்டு என்பது மிக நீண்ட காலம்.

மறையும் விதமும் பெற்றோரைக் குழப்புவது. பல மாதங்கள் அமைதியாக இருந்த பருக்கள் ஒருநாள் சிவந்து, வீங்கி, அரிப்பெடுத்து, சில வேளைகளில் சீழ் வைத்ததுபோலத் தோன்றும். தாய் பயந்துபோய் மருந்துக்கடைக்கு ஓடுவது இந்தக் கட்டத்தில்தான். உண்மையில் பல பிள்ளைகளில் இது உடல் வைரஸைக் கண்டுகொண்டு தாக்கத் தொடங்கியதன் அறிகுறி. அடுத்து வரும் வாரங்களில் பருக்கள் காய்ந்து உதிரும். தேவையில்லாமல் அன்ரிபயோற்றிக் கொடுக்கப்படுவதும் இங்கேதான் அதிகம். பக்டீரியா தொற்றும் உண்மையாகவே சேரலாம் என்பதால் வேறுபாட்டை அறிந்திருக்க வேண்டும்: சிவப்பு பருவை விட்டு அகன்று பரவிக்கொண்டே போதல், தொட்டால் கடும் நோவு, காய்ச்சல், பிள்ளை சோர்ந்து கிடத்தல் ஆகியவை இருந்தால் மருத்துவர் பார்க்க வேண்டும். பருக்கள் மட்டும் சிவந்து, பிள்ளை உற்சாகமாக இருந்தால் பொறுத்திருக்கலாம்.

வீட்டு வைத்தியத்தைப் பற்றி வெளிப்படையாகவே எழுத வேண்டியிருக்கிறது. சுண்ணாம்பையும் சவர்க்காரத்தையும் குழைத்து வைத்துச் சுடுதல், எருக்கம்பால் தொட்டுவைத்தல், ஊசியால் கிண்டி வெள்ளைக் கருவை எடுத்தல், நூலாலோ தலைமயிராலோ கட்டி அறுத்தல் என்பவை தமிழர் வாழும் இடங்களில் காலங்காலமாக இருந்துவரும் முறைகள். சுண்ணாம்பு இரசாயனச் சூட்டுக்காயத்தை உண்டாக்கும். பருவோடு சேர்த்துச் சுற்றியுள்ள நல்ல தோலையும் தின்றுவிடும். எருக்கம்பால் அதைவிடப் பயங்கரமானது. பிள்ளை அந்த இடத்தைத் தடவிய கையால் கண்ணைக் கசக்கினால் விழிவெண்படலம் கலங்கிப் பார்வை மங்கும். கண்ணிமைக்கு அருகில் உள்ள பருவுக்கு அதை ஒருபோதும் வைக்கக்கூடாது. ஊசியால் கிண்டினால் கிருமி நிறைந்த கரு சுற்றிலும் சிதறும். இவற்றைச் செய்தவர்கள் அன்பினாலும் பதற்றத்தினாலும் செய்தவர்கள். அவர்களைக் குறை கூறுவதற்காக இதை எழுதவில்லை.

ஆனால் இந்த முறைகள் ஏன் பலித்ததாகத் தோன்றுகின்றன என்பதை விளங்கிக்கொள்வது அவசியம். பெற்றோர் ஒன்றன்பின் ஒன்றாகப் பலவற்றையும் செய்து பார்க்கிறார்கள். முதல் மாதத்தில் ஒரு களிம்பு, நான்காம் மாதத்தில் ஒரு பச்சிலை, எட்டாம் மாதத்தில் வற்றாப்பளை அம்மனுக்கு ஒரு நேர்த்தி, பன்னிரண்டாம் மாதத்தில் அயலவர் சொன்ன ஓர் எண்ணெய். பருக்கள் அந்தப் பன்னிரண்டாம் மாதத்தில் தாமாகவே மறைய, பெருமை முழுவதும் எண்ணெய்க்குப் போய்விடுகிறது. அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு அது முதல் மாதத்திலேயே பூசப்படும்போது வேலை செய்வதில்லை. நேர்த்தி வைப்பதில் தீங்கில்லை, அது தாயின் மனதுக்கு ஆறுதல் தருகிறது. சுடுவதில் தீங்கு இருக்கிறது. மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் வாங்கும், ஸ்ரீரொயிட்டும் பங்கசு மருந்தும் கலந்த களிம்புகளிலும் தீங்கு இருக்கிறது: நீண்ட நாள் பூசினால் தோல் மெலியும், பாலுண்ணி வைரஸின்மீது அவற்றுக்கு எந்தப் பலனும் இல்லை. கரப்பனுக்காக மருத்துவர் அளவோடு எழுதிக்கொடுக்கும் ஸ்ரீரொயிட் களிம்பு வேறு விடயம். அதைப் பயந்து நிறுத்த வேண்டியதில்லை.

மருத்துவமனைகளில் செய்யக்கூடியவையும் உண்டு. சிறு கரண்டி போன்ற கருவியால் பருவைச் சுரண்டி எடுத்தல், திரவ நைதரசனால் உறையவைத்தல், பொட்டாசியம் ஐதரொட்சைட்டுக் கரைசல் பூசுதல் ஆகியன பல நாடுகளில் வழக்கத்தில் உள்ளன. ஒரு வகை வண்டிலிருந்து பெறப்படும் கந்தரிடின் என்ற, கொப்புளத்தை உண்டாக்கும் மருந்துக்கு 2023 இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் இந்நோய்க்காக அனுமதி கொடுத்தது. 2024 தொடக்கத்தில் பெர்டசிமர் என்ற பூச்சு மருந்துக்கும் அனுமதி கிடைத்தது. மறுபக்கம், முன்பு பலர் எழுதிக்கொடுத்த இமிக்குவிமொட் களிம்பு, மருந்தில்லாத வெறும் களிம்பைவிட மேலானதல்ல என்று பிள்ளைகளில் செய்த ஆய்வுகள் காட்டிவிட்டன. 22 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த கொக்ரேன் என்ற சர்வதேச மருத்துவ ஆய்வு அமைப்பின் 2017 ஆம் ஆண்டு மீளாய்வு, எந்தவொரு சிகிச்சையும் ஐயமற நிரூபிக்கப்படவில்லை என்றே முடித்தது. துணுக்காயிலிருந்தோ ஒட்டுசுட்டானிலிருந்தோ ஒருநாள் கூலியை இழந்து, பிள்ளையைப் பஸ்ஸில் ஏற்றித் தோல் நோய் நிபுணரின் கிளினிக்குக்குக் கொண்டுபோகும் தாய், சிகிச்சை எதுவும் தராமல் பொறுத்திருங்கள் என்று சொல்லப்படும்போது ஏமாற்றப்பட்டதாக உணர்வது இயல்பு. அந்த வைத்தியர் கைவிடவில்லை; நோவைத் தரும் சிகிச்சையிலிருந்து ஐந்து வயதுப் பிள்ளையைக் காப்பாற்றுகிறார். அதற்கான காரணத்தை இரண்டு நிமிடம் விளக்கிச் சொன்னால் அந்தத் தாய் திரும்பி வந்து சுண்ணாம்பு வைக்கமாட்டாள் என்று நான் நம்புகிறேன்.

வேறு நோய்களோடு மயங்கும் வாய்ப்பும் இருக்கிறது. கொப்பளிப்பானில் நீர் கோத்த கொப்புளங்கள் காய்ச்சலோடு சில நாட்களுக்குள் உடலெங்கும் வரும். கை, கால், வாய் நோயில் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் வாய்க்குள்ளும் புண்கள் தோன்றி ஒரு வாரம் பத்து நாளில் மாறும். சொறி சிரங்கில் விரலிடுக்குகளில் இரவு அரிப்பு உச்சத்தில் இருக்கும். வீட்டில் பலருக்கும் சேர்ந்தே வரும். சாதாரண மரு சொரசொரப்பானது, நடுக்குழி இல்லாதது.

வன்னியைப் பொறுத்தவரை இவற்றைவிடக் கவனிக்க வேண்டியது லீஷ்மேனியாசிஸ். மணல் ஈ கடிப்பதால் பரவும் இந்த ஒட்டுண்ணி நோய் இலங்கையில் பெரும்பாலும் தோலையே தாக்குகிறது. நாட்டுக்குள்ளேயே தொற்றிய முதலாவது நோயாளி 1992 இல் பதிவானார். 2008 இலிருந்து இது சுகாதாரத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டிய நோய். வவுனியாவை ஒட்டிய அனுராதபுர மாவட்டம் இதற்குப் பேர்போனது, வடக்கின் காட்டோரங்களும் விலக்கல்ல. அதுவும் நோவில்லாத சிறு பருவாகவே தொடங்கும். ஆனால் முகம், கை, கால் போன்ற உடுப்பு மூடாத இடத்தில் ஒன்றோ சிலவோ வந்து, மெதுவாகப் பெருத்து, நடுவில் பொருக்கோடு ஆறாப் புண்ணாக மாறக்கூடியது. ஒற்றைப் பரு மாதக்கணக்கில் பெரிதாகிக்கொண்டே போனால் பாலுண்ணி என்று வீட்டிலேயே முடிவெடுத்து இருந்துவிடக் கூடாது. அந்த நோய்க்குச் சிகிச்சை தேவை, சிகிச்சையும் இருக்கிறது.

பாடசாலையைப் பற்றி: பாலுண்ணிக்காக எந்தப் பிள்ளையையும் முன்பள்ளியிலிருந்தோ பாடசாலையிலிருந்தோ நிறுத்தத் தேவையில்லை. பதின்மூன்று மாதங்கள் சராசரியாக நீடிக்கும் ஒரு தொற்றுக்காகப் பிள்ளையை வீட்டில் வைப்பதென்றால் ஒரு முழு வகுப்பையே இழக்கச் செய்ய வேண்டும். போரில் பள்ளிக்கூட நாட்களை இழந்த தலைமுறையின் பிள்ளைகளுக்கு அந்த இழப்பு ஒரு பருவினால் வருவதை ஏற்க முடியாது. வெளியே தெரியும் பருக்களைச் சட்டைக் கையாலோ பிளாஸ்ரராலோ மூடிவிட்டாலே போதும். தயங்கும் ஆசிரியர்களுக்குப் பாடசாலை மருத்துவப் பரிசோதனைக்கு வரும் சுகாதார வைத்திய அதிகாரியோ பொதுச் சுகாதாரப் பரிசோதகரோ ஒரு சொல் சொன்னால் போதுமானது.

பேசத் தயங்கும் ஒரு விடயமும் இருக்கிறது. வளர்ந்தவர்களில் பாலுண்ணி பாலுறவு வழியாகப் பரவுவதுண்டு. பிள்ளையின் தொடையிடுக்கிலோ பிறப்புறுப்புப் பகுதியிலோ பருக்கள் கண்டால், உடலின் மற்ற இடங்களிலும் அவை இருக்கும்போது, பெரும்பாலும் அது பிள்ளை தானே சொறிந்து பரப்பியது. பருவை மட்டும் வைத்து யார்மீதும் பழி சுமத்தக் கூடாது. அதேவேளை, அந்தப் பகுதியில் மட்டும் பருக்கள் இருந்து, பிள்ளையின் நடத்தையிலும் மாற்றமோ பயமோ தெரிந்தால், குடும்பநல உத்தியோகத்தரிடமோ மருத்துவரிடமோ மறைக்காமல் சொல்ல வேண்டும்.

மாறிய இடத்தில் சில மாதங்களுக்கு வெளிறிய தடமோ சின்னக் குழியோ இருக்கலாம்; கிண்டாத பருக்களில் அது பெரும்பாலும் மங்கிவிடும். ஒருமுறை வந்து மாறிய பிள்ளைக்கு மறுபடியும் தொற்றக்கூடும். கண்ணிமையின் ஓரத்தில் வந்த பரு கண்ணைச் சிவக்கவைத்து நீர் வடியச் செய்யும் என்பதால் அதற்குக் கண் வைத்தியரைக் காண வேண்டும். பருக்கள் பல பத்துகளாகப் பெருகினாலும், வழமைக்கு மாறாகப் பெரிதாக வளர்ந்தாலும், புற்றுநோய்ச் சிகிச்சையிலோ நீண்டகால ஸ்ரீரொயிட் மருந்திலோ உள்ள பிள்ளைக்கு வந்தாலும், பிள்ளையின் நோயெதிர்ப்புச் சக்தியையும் சேர்த்துப் பரிசோதிக்க வேண்டியிருப்பதால், அடுத்த கிளினிக் நாள்வரை காத்திராமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோவதே சரி.